அண்டை வீட்டாரின் நோன்பும் நமது கஞ்சிச் சட்டியும்





அஸர் தொழுகை முடிந்ததும் நமது பள்ளிவாசல் முற்றங்களில் நிகழும் காட்சியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். காலையில் ஊறவைத்த பச்சரிசி, வெந்தயம், உள்ளி, இஞ்சி, கறுவா, கராம்பு, ஏலம், றம்பை, கறிவேப்பிலை ஆகியவற்றோடு கிடாரத்தில் கொதித்து, கடைசியில் தேங்காய்ப்பால் சேர்ந்து, தெரு முனை வரை மணக்கும். சிறுவர்கள் தூக்குச்சட்டிகளோடு வரிசையில் நிற்பார்கள். அந்தச் சட்டி பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு வரும் வழியைப் பற்றி இன்று நான் அதிகம் பேசப் போவதில்லை. வீட்டுக்கு வந்த பின்னர் அது மேலும் எத்தனை வாசல்களுக்குச் செல்கின்றது, எத்தனை வாசல்களுக்குச் செல்லாமல் நின்றுவிட்டது என்பதே இன்றைய உரையின் பொருளாகும்.

நோன்பை விதியாக்கிய இறைவசனத்தை நாம் ஆண்டுதோறும் கேட்கின்றோம். ஸூரத்துல் பகராவின் 183ஆவது வசனம் அது. நோன்பு நமக்கு மட்டும் உரிய புதிய கடமையென்று அவ்வசனம் கூறவில்லை. நமக்கு முன்னிருந்தோருக்கும் அது விதிக்கப்பட்டிருந்தது என்றே கூறுகின்றது. இந்தப் பகுதியை நாம் ஓதிவிட்டு விரைந்து கடந்துவிடுகின்றோம். சற்று நின்று பாருங்கள். அறபியில் நோன்புக்கு ஸவ்ம் என்கின்றோம். யூதர்களின் ஹீப்ரு மொழியில் அது ட்ஸோம். எத்தியோப்பியக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழியிலும் அது ட்ஸோம் தான். ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள் இவை. தாவூத் நபி (அலை) அவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் நோன்பு நோற்றார்கள். அன்னை மர்யம் (அலை) அவர்கள் எவரோடும் பேசாதிருக்கும் நோன்பை நேர்ந்துகொண்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்கிருந்த யூதர்கள் ஆஷூறா தினத்தில் நோன்பு நோற்பதைக் கண்டு காரணம் வினவினார்கள். மூஸா நபியும் அவர்களது மக்களும் காப்பாற்றப்பட்ட நாள் அதுவென்று விடை கிடைத்தது. மூஸாவுக்கு நாங்களே அதிக உரித்துடையவர்கள் என்ற கருத்தைக் கூறி, தாமும் நோற்றுத் தம் தோழர்களையும் நோற்கச் சொன்னார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அண்ணலார் முதலில் செய்தது கேள்வி கேட்டதுதான். "நீங்கள் ஏன் நோற்கிறீர்கள்?" என்று அண்டை அயலாரிடம் கேட்டு அறிந்துகொண்டார்கள். நமது அண்டை வீட்டாரின் விரதம் எது, அது எப்போது தொடங்கி எப்போது முடிகின்றது, அதில் எதை உண்பார்கள், எதை உண்ணமாட்டார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்? நானும் கேட்டதில்லை. கேட்காததனால் நேர்ந்த ஒரு பிழையை இங்கே சொல்ல வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது மத்திய மலைநாட்டின் ஒரு சிறு நகரம். எங்கள் வீட்டுக்கு வலப்புறம் ஒரு சிங்களக் குடும்பம். அவ்வீட்டு மூதாட்டியை நாங்கள் ஆச்சி என்றே அழைப்போம். இடப்புறம் ஒரு தமிழ் ஆசிரியரின் குடும்பம். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். றமழான் நடுப்பகுதி. நோன்பு திறப்பதற்குச் சற்று முன்னர் உம்மா கொடுத்த சட்டியை எடுத்துக்கொண்டு ஆச்சி வீட்டுக்கு ஓடினேன். ஆச்சி வெள்ளைச் சேலை உடுத்து விளக்கின் முன் அமர்ந்திருந்தார். "புதே" என்று அழைத்து, இரு கைகளாலும் சட்டியை வாங்கி, மூடி ஓரமாக வைத்தார். வழக்கமாக என் முன்னாலேயே ஒரு வாய் சுவைத்துப் பார்ப்பவர் அன்று சுவைக்கவில்லை. எனக்குள் சிறு கோபம். எங்கள் கஞ்சியை ஆச்சி வெறுக்கத் தொடங்கிவிட்டார் என்று வீட்டில் முறையிட்டேன்.

சில நாட்களின் பின் ஆச்சியே சிரித்துக்கொண்டு உம்மாவிடம் சொன்னார். அன்று போயா தினம். அவர் சில் எடுத்திருந்தார். நண்பகலுக்குப் பின்னர் மறுநாள் விடியும் வரை உணவு உண்ணக் கூடாது. கஞ்சியைப் பேரப்பிள்ளைகள் குடித்தார்களாம். ஆச்சி சென்றதும் உம்மா என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இன்றும் காதில் நிற்கின்றது: "அவங்கட நோன்பு எப்பிடியெண்டு கேக்காம நம்மட சட்டிய அனுப்பினது நம்மட பிழை மகன்."

நேயர்களே! நமது மாதம் பிறையோடு பிறக்கின்றது. ஆகவே அதன் நடுப்பகுதியில் முழுநிலவு வந்தே தீரும். அதன் பொருள் என்ன? எந்த ஆண்டு றமழானை எடுத்துக்கொண்டாலும் அதன் நடுவில் ஒரு போயா தினம் இருக்கின்றது. நாம் பட்டினியோடு மாலையை எதிர்நோக்கியிருக்கும் அதே நாளில், நமது பௌத்த அயலவர் நண்பகலோடு உணவை நிறுத்திவிட்டு இரவை எதிர்நோக்குகின்றார். நமது நோன்பு முடியும் வேளையில் அவரது நோன்பு நடுவழியில் இருக்கின்றது. இத்தனை ஆண்டுகள் ஒரே மதிலின் இரு பக்கத்திலும் வாழ்ந்தும் இதை எண்ணிப் பார்க்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்!

அந்தப் பாடத்தை உம்மா மறக்கவில்லை. 2003ஆம் ஆண்டில் ஐப்பசி அமாவாசைக்குப் பின் கந்தசஷ்டி விரதம் தொடங்கியது. அதே அமாவாசையை அடுத்த பிறையைக் கண்டுதான் நாமும் றமழானைத் தொடங்கினோம். ஆசிரியரின் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அவர் ஆறு நாளும் விரதம். உம்மாவுக்கும் நோன்பு. பகலில் இருவரும் வேலியருகே நின்று, யாருக்குத் தலைவலி அதிகம் என்று பேசிச் சிரிப்பார்கள். அந்த ஆறு நாளும் உம்மா கஞ்சி அனுப்பவில்லை. மாலையில் இளநீரும் சில ஈச்சம்பழங்களும் மட்டுமே சென்றன. அதுவும் அக்காவிடம் கேட்டு, எடுக்கலாம் என்று அவர் சொன்ன பின்னர். ஏழாம் நாள் அவர்களுக்குப் பாறணை. அன்று மாலை உம்மா தனிச் சட்டியில் இறைச்சி சேர்க்காத கஞ்சி காய்ச்சி அனுப்பினார். மறுநாள் அச்சட்டி நிறைய வடை வந்தது.

இறைச்சியைப் பற்றிச் சொன்னேன். இதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நமது கஞ்சியில் பெரும்பாலும் மாட்டிறைச்சி சேர்கின்றது. இந்துக்கள் அதனை உண்பதில்லை. பௌத்தர்களிலும் பலர் உண்பதில்லை. உள்ளே இருப்பதைச் சொல்லாமல் கொடுப்பது அன்பளிப்பாகாது. அது அமானிதத்தைக் கெடுப்பதாகும். நமக்கு ஒருவர் ஹறாமானதைச் சொல்லாமல் தந்தால் நமது மனம் எவ்வளவு புண்படும்? அதே அளவுகோல் அவர்களுக்கும் உண்டு. பள்ளிவாசல் நிருவாகிகள் இறைச்சி சேர்ப்பதற்கு முன்னர் ஒரு பகுதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் போதும். இது பெரிய செலவுமல்ல, சிரமமுமல்ல.

நோன்பாளிக்கெனக் காய்ச்சியதைப் பிற சமயத்தவருக்குக் கொடுக்கலாமா என்று சில இளைஞர்கள் கேட்கின்றார்கள். அவர்களுக்கு அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களின் வீட்டில் நடந்ததைச் சொல்வேன். அங்கு ஓர் ஆடு அறுக்கப்பட்டது. அவர் வீட்டாரிடம், நமது யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று மீண்டும் கேட்டார்கள். அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்களென்றால், அவரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நபி (ஸல்) அவர்களுக்கு எண்ணம் தோன்றியதாக அறிவித்ததும் அவர்களே. ஆணம் சமைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனிக்குமாறு அபூதர் (ரழி) அவர்களுக்கு உபதேசிக்கப்பட்டது. எனக்கு இரு அண்டை வீட்டார் உள்ளனர், யாருக்கு முதலில் கொடுப்பது என்று ஆயிஷா (ரழி) அவர்கள் கேட்டபோது, வாசல் எவருடையது அருகிலோ அவருக்கு என்றே விடை கிடைத்தது. வாசலின் தூரமே அங்கு அளவாகச் சொல்லப்பட்டது.

அவர்கள் தருவதை நாம் உண்ணலாமா என்பது அடுத்த வினா. பழமும் இனிப்பும் பலகாரமும் மரக்கறியும் தூய்மையானவையாயின் தாராளமாக உண்ணலாம். நமது முறைப்படி அறுக்கப்படாத இறைச்சியும், பூசையில் படைக்கப்பட்டவையும் நமக்கு ஆகாதவை. இதை ஒளிக்கத் தேவையில்லை. கனிவாகச் சொன்னால் எவரும் கோபிப்பதில்லை. நமது அக்கா தைப்பொங்கலன்று படையலுக்கு முன்னரே எங்களுக்கென ஒரு பங்கை வேறாக எடுத்து வைத்துவிடுவார். எங்கள் மார்க்கத்தின் எல்லையை அவர் எங்களுக்காகக் காத்தார். நாங்கள் கொடுக்க மட்டும் கற்றிருந்து வாங்கக் கல்லாதிருந்தால் அந்த உறவு ஒருவழிப் பாதையாகவே முடிந்திருக்கும். ஆட்டின் கால் குளம்பாயினும் அண்டை வீட்டுப் பெண் தந்ததை அற்பமாக எண்ணவேண்டாம் என்று அண்ணலார் பெண்களை நோக்கிக் கூறியதும் இதனால்தான் போலும்.

நமது இஃப்தார் விரிப்பையே பாருங்களேன்! ஈச்சம்பழம் அறபு நாட்டிலிருந்து வந்தது. சமூசா பாரசீகத்தில் பிறந்து இந்தியா வழியாக வந்தது. பெருநாளைக்கு நாம் பெருமையோடு பரிமாறும் வட்டிலப்பம், ஒல்லாந்தர் காலத்தில் இங்கு வந்து சேர்ந்த மலாய் மக்கள் தந்த கொடை. அதில் சேரும் கித்துள் கருப்பட்டியோ சிங்களக் கிராமத்தின் உழைப்பு. பலூடா பாரசீகப் பெயர். கஞ்சி என்ற சொல்லோ நமது தாய்மொழியான தமிழ். அச்சொல்லும் பயணம் செய்திருக்கின்றது. இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் றமழான் மாதத்தில் காய்ச்சும் கஞ்சிக்குக் 'கஞ்சி ரும்பி' என்று பெயர். மலேசியாவில் 'பூபுர் லம்புக்' என்ற கஞ்சியைப் பள்ளிவாசல்களில் காய்ச்சி வருவோர் போவோருக்கெல்லாம் கொடுக்கின்றார்கள். கோலாலம்பூரின் கம்போங் பாரு பள்ளிவாசல் அதற்குப் பெயர் போனது. தமிழ்நாட்டில் நோன்புக் கஞ்சிக்கென அரசாங்கமே பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வந்திருக்கின்றது. மொறோக்கோவில் கடலையும் பருப்பும் தக்காளியும் சேர்ந்த ஹரீரா. பெயரும் சுவையும் மாறினாலும், வெறும் வயிற்றுக்கு இதமான ஒரு சூடான பானம், ஒரே பாத்திரத்திலிருந்து பலருக்கு என்ற வழக்கம் மாறவில்லை.

2023 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் இஃப்தார் மரபை மனிதகுலத்தின் மரபுரிமைகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது. அஸர்பைஜான், ஈரான், துருக்கி, உஸ்பெகிஸ்தான் ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து அதற்கு விண்ணப்பித்திருந்தன. இலண்டனில் 2013ஆம் ஆண்டு மாணவர்கள் சிலர் ஒரு கூடாரத்தில் தொடங்கிய திறந்த இஃப்தார், யார் வேண்டுமானாலும் வந்து அமரலாம் என்ற அழைப்போடு வளர்ந்து, 2023 மார்ச் 26ஆம் திகதி செல்சி உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானத்திலேயே நடந்தது. கேட்க மகிழ்ச்சியாக இருக்கின்றது. ஆயினும் எனக்கு ஒரு குறை உண்டு. நம் நாட்டிலும் ஹோட்டல் மண்டபங்களில் இஃப்தார் வைபவங்கள் நடக்கின்றன. பிரமுகர்கள் வருகின்றார்கள், ஈச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடி படமெடுக்கின்றார்கள், மறுநாள் பத்திரிகையில் வருகின்றது. அந்த மண்டபத்தில் இருந்த நம் சகோதரர்களில் எத்தனை பேரின் வீட்டுச் சட்டி அன்று அடுத்த வாசலுக்குச் சென்றிருக்கும்? அங்கு மீந்து கொட்டப்படும் உணவைப் பற்றி நான் பேசாமல் விடுகின்றேன். பேசத் தொடங்கினால் இன்றைய நேரம் போதாது.

இனி, சொல்லக் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250இற்கும் மேற்பட்ட உயிர்கள் பறிக்கப்பட்டன. வழிபாட்டுக்குச் சென்ற பிள்ளைகள் பிணமாகத் திரும்பினார்கள். நமது மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள் அதைச் செய்தார்கள். அந்த வெட்கத்தோடும் வேதனையோடும் இரண்டு வாரங்களில் நாம் றமழானுக்குள் நுழைந்தோம். நோன்பு தொடங்கி ஒரு வாரம் கழியுமுன், மே 12, 13ஆம் திகதிகளில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் நமது வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எங்கள் ஊரில் எதுவும் நடக்கவில்லை. ஆனால் தெருவில் பேச்சு நின்றுவிட்டது.

ஆச்சி அப்போது உயிரோடில்லை. அவரது மகள் குடும்பத்தோடு அவ்வீட்டில் இருந்தார். எதிர்ப்புறத்தில் புதிதாக வந்த இன்னொரு குடும்பமும் இருந்தது. அவர்களுக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளாகக் கஞ்சி சென்று வந்தது. அந்த வருடம் என் மகள் சட்டியைக் கையிலெடுத்தபோது நானே தடுத்தேன். "இந்த வருடம் வேண்டாம் மகள்" என்றேன். அவள் ஏனென்று கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் வலித்தது. அஞ்சியது யாரை? ஆச்சியின் மகளையா? சிறு வயதில் எனக்குக் கொக்கிஸ் உடைத்துத் தந்தவரையா? இத்தனை ஆண்டுகள் மிம்பர் படிகளில் நின்று அண்டை வீட்டார் உரிமையைப் பேசியவன் நான். சட்டி அடுப்பங்கரையில் கவிழ்ந்தே கிடந்தது.

அவ்வருடம் வெசாக் போயா மே 18ஆம் திகதி வந்தது. அதற்கு முந்திய மாலை வாசலில் தட்டும் ஓசை. ஆச்சியின் மகள் நின்றார். கையில் அவரது வீட்டுச் சட்டி, வெறுமையாக. சிங்களத்தில் கேட்டார்: "இந்தமுறை கஞ்சி இல்லையா? நாளைக்கு எனக்குச் சில். இன்றைக்கே தாருங்கள்." என் மனைவி சட்டியை வாங்கி உள்ளே சென்று வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் என்ன பேசுவதென்று அறியாமல், தேவாலயத்தில் இறந்தவர்களுக்காக வருந்துகின்றோம் என்றேன். அவர், எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னார்.

பெற்றோர்களே! அன்று அவர் வந்தது எங்கள் நற்செயலால் அல்ல. உம்மாவும் ஆச்சியும் நாற்பது ஆண்டுகளாக நடத்திய கொடுக்கல் வாங்கலின் வழியே அவர் நடந்து வந்தார். அந்த வழியை நான் என் மகளுக்கு அடைத்தேன். அவர் வந்து திறந்தார். நம் பிள்ளைகள் தம் அயலவரோடு அப்படியொரு வழியை வைத்திருக்கின்றார்களா என்பதை நாம் யோசிக்க வேண்டியிருக்கின்றது. மதில்கள் உயர்ந்துவிட்டன. பிள்ளைகள் வேறு வேறு மொழிப் பாடசாலைகளில் படிக்கின்றார்கள். பெருநாள் வாழ்த்தைக் கைத்தொலைபேசியில் நூறு பேருக்கு ஒரே தடவையில் அனுப்பிவிடுகின்றோம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயர் நமது பிள்ளைக்குத் தெரிவதில்லை.

2022 ஏப்ரலில் நாடே வரிசையில் நின்றது நினைவிருக்கும். எரிவாயு இல்லை, பால்மா இல்லை, மின்சாரம் மணிக்கணக்கில் இல்லை. அதுவும் றமழான் மாதம். காலிமுகத்திடலில் கூடியிருந்த மக்களின் நடுவே நம் இளைஞர்கள் நோன்பு திறந்தபோது பிற சமயத்தவர்களும் உடனமர்ந்தார்கள். அதே றமழானில் சித்திரைப் புத்தாண்டும் வந்தது. எங்கள் தெருவில் விறகடுப்புகள் மீண்டும் புகைந்தன. எங்கள் வீட்டில் விறகு இருந்தது. ஆச்சியின் மகள் வீட்டில் தேங்காய் இருந்தது. அவர்களது பாற்சோறும் நமது கஞ்சியும் ஒரே அடுப்பில் முறை வைத்துக் காய்ச்சப்பட்டன. பாற்சோற்றையும் கவுமையும் எங்களுக்கு மஃரிபுக்குப் பின்னரே கொண்டு வந்தார்கள். நேரத்தை நாங்கள் சொல்லவில்லை; பாங்கொலியைக் கேட்டுத் தாமே அறிந்திருந்தார்கள்.

2025ஆம் ஆண்டு றமழான் மார்ச் 2ஆம் திகதி தொடங்கியது. மார்ச் 5ஆம் திகதி கத்தோலிக்கரின் திருநீற்றுப் புதன். அவர்களது நாற்பது நாள் தவக்காலத்தின் ஆரம்பம். மார்ச் 13இல் மெதின் போயா. ஒரே மாதத்துக்குள் மூன்று சமூகத்தவரும் வயிற்றைக் கட்டிப்போட்டிருந்தார்கள். இளைஞர்களே, உங்களோடு வேலை செய்யும் கத்தோலிக்க நண்பர் தவக்கால வெள்ளியில் இறைச்சி உண்பதில்லை என்பதை அறிவீர்களா? அறியாவிட்டால் கேளுங்கள். கேட்பதற்கு அறிஞராக வேண்டியதில்லை. நீங்கள் கேட்டால் அவரும் உங்கள் ஸஹரைப் பற்றிக் கேட்பார். தண்ணீர் கூடவா குடிப்பதில்லை என்று வியப்பார். எல்லோரும் கேட்கும் கேள்விதான் அது, சலிக்காமல் விடை சொல்லுங்கள்.

எதிர்வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். 2019இற்குப் பின் அவ்வீட்டுக் கதவு எங்களுக்குத் திறக்கவில்லை. அடுத்த வருடம் ஊரடங்கு. அதற்கடுத்த வருடம் என் மகள் மீண்டும் சட்டியோடு சென்றாள். இம்முறை நான் தடுக்கவில்லை. கதவைத் திறந்த பெரியவர் வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுவருடமும் அவ்வாறே. அவருக்கும் அவருடைய அச்சம் இருக்கலாம், அவருடைய துயரம் இருக்கலாம், நான் கேட்டதில்லை. மூன்றாம் வருடம் அவரது மனைவி வாங்கிக்கொண்டார், ஒரு வார்த்தையும் பேசாமல். உள்ளே இறைச்சி இல்லை என்று என் மகள் சொன்னதற்குத் தலையை மட்டும் அசைத்தாராம். மறுநாள் காலையில் எங்கள் மதில்மேல் சட்டி இருந்தது. வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் நன்றாகத் துலக்கி, துடைத்து, மூடியும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. அன்று மாலையும் மகள் அதை நிரப்பிக் கொண்டு சென்றாள்.

பாங்கொலிக்கு நேரம் நெருங்குகின்றது. வல்ல அல்லாஹ் நமது நோன்புகளை ஏற்றுக்கொள்வானாக.